பிரிண்டரில் பக்கம் வெட்டுப்பட்டால்: முதலில் ஸ்கேல், அப்புறம் ஸ்க்ரூடிரைவர்

"அண்ணா, அடியில ஒரு வரி காணோமே!" என்று தாள் திரும்பி வந்ததும் ஜெராக்ஸ் கடையானாலும் ஆபீஸானாலும் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். டிரைவரை (கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பேசவைக்கும் சாஃப்ட்வேர்) அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். சில சமயம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று தெரியாததால் அடுத்த மாதமும் அதே வேலை. சில சமயம் நிலைமை இன்னும் மோசமாகும். புது டிரைவர் உள்ளே வரும்போதே தாள் அளவை லெட்டர் என்று வைத்துக்கொண்டு வந்திருக்கும்.

உண்மையில் இது கண்டுபிடிக்க எளிதான கோளாறு. காணாமல் போனது எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்தாலே பாதி விடை கையில் வந்துவிடும். ஓரத்தில் 4, 5 மி.மீ. போனால் ஒரு காரணம். அடியில் 2 செ.மீ. போனால் வேறு காரணம். 6 செ.மீ. போனால் அது மூன்றாவது. தாளுக்குத் தாள் அளவு மாறினால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ரோலரைப் பார்க்க வேண்டும். ஆகவே டிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு 30 செ.மீ. ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வையுங்கள்.

## மூன்று கட்டம் போட்ட சோதனைத்தாள்

வேர்டில் ஏ4 பக்கம் ஒன்றைத் திறந்து மூன்று செவ்வகங்கள் போடுங்கள். உள்ளே நிறம் வேண்டாம், கோடு மட்டும் மெல்லியதாக இருந்தால் போதும். அளவுகள்: 204 × 291 மி.மீ., 200 × 287 மி.மீ., 190 × 277 மி.மீ. மூன்றையும் அலைன் மெனுவில் 'அலைன் டு பேஜ்' வைத்து, அகலத்திலும் உயரத்திலும் பக்கத்தின் நடுவில் நிறுத்துங்கள். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. என்பதால் இந்தக் கட்டங்கள் விளிம்பிலிருந்து சரியாக 3, 5, 10 மி.மீ. உள்ளே விழும். மேற்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி போட்டு பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போது அளவு 'ஆக்சுவல் சைஸ்' ஆக இருக்கட்டும். 'ஃபிட்' வைத்தால் கட்டங்களும் சேர்ந்து சுருங்கிவிடும், சோதனைக்குப் பொருளே இல்லாமல் போகும்.

ஒரு தாள் போதாது, 5 தாள் அடியுங்கள். ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றனவா, ஆளுக்கொரு பக்கம் போகின்றனவா என்று தெரியும். ஐந்திலும் வெட்டு ஒரே இடத்தில் என்றால் பெரும்பாலும் செட்டிங் கோளாறு. இடம் மாறிக்கொண்டே இருந்தால் தாளை இழுக்கும் வழியில் கோளாறு. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் ஆரம்பிப்பவர்கள்தான் ரோலர் தேய்ந்த மெஷினுக்கு நாள் முழுக்க டிரைவர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கூடவே கம்ப்யூட்டர் இல்லாமலும் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். ஸ்கேனர் உள்ள மெஷின் என்றால், நன்றாக வந்திருக்கும் வேறொரு தாளைக் கண்ணாடியில் வைத்து காப்பி. டாட் மேட்ரிக்ஸ் என்றால், பெரும்பாலான மாடல்களில் எல்எஃப் (லைன் ஃபீட்) பட்டனை அழுத்தியபடியே ஆன் செய்தால் தானே ஒரு சோதனைப் பக்கம் அடிக்கும். அது முழுதாக வந்தால் மெஷின் நிரபராதி.

## அடியில் சுமார் 2 செ.மீ. காணோம்

மூன்று கட்டத்துக்கும் கீழ்க்கோடு இல்லை, பக்கக்கோடுகள் மட்டும் தாளின் அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் அந்தரத்தில் நிற்கின்றன என்றால் குற்றவாளி லெட்டர் அளவு. அமெரிக்கத் தாளான லெட்டர் 215.9 × 279.4 மி.மீ. ஏ4-ஐ விட உயரத்தில் 17.6 மி.மீ. குட்டை, அகலத்தில் 5.9 மி.மீ. அதிகம். பிரிண்டர் தன் வயிற்றில் லெட்டர் தாள் இருப்பதாக நினைத்துக்கொண்டு 279-வது மில்லிமீட்டரோடு கடையைக் கட்டிவிடுகிறது. அதோடு தன் வழக்கமான ஓர இடைவெளியையும் கழிக்கும். ஆக மொத்தம் 22 மி.மீ. போகும்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. தாளை நடுவில் பிடித்து இழுக்கும் மெஷின்களில் எழுத்து முழுவதும் இடப்பக்கமாக 3 மி.மீ. நகர்ந்திருக்கும். அகல வித்தியாசத்தில் சரிபாதி அது. அடியும் போய், இடமும் நகர்ந்திருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

தாள் அளவு ஒரே இடத்தில் இல்லாமல் நான்கு இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் தொல்லை. ஒன்றை மாற்றிவிட்டு மூன்றை விட்டுவிட்டால் பழைய கதைதான்.

முதலாவது, கோப்பு. வேர்டில் 'லேஅவுட்' போய் 'சைஸ்' பாருங்கள்.

இரண்டாவது, அடிக்கும் நேரத்தில் வரும் பெட்டி. குரோமில் கண்ட்ரோல்-பி அழுத்தி 'மோர் செட்டிங்ஸ்' திறந்தால் 'பேப்பர் சைஸ்' தெரியும். அடோபி ரீடரில் 'பேஜ் செட்டப்'.

மூன்றாவது, டிரைவர். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' போய் பிரிண்டர்மேல் ரைட் கிளிக் செய்தால் 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' இருக்கும். அதில் மாற்றினால் உங்கள் யூசர் கணக்குக்கு மட்டுமே மாறும். 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'அட்வான்ஸ்டு', அதற்குள் 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' போய் மாற்றினால்தான் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் அடிப்படை அளவு மாறும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று இரண்டு லாகின் வைத்து வேலை நடக்கும் இடத்தில், "காலைல நல்லா வந்துச்சு, சாயங்காலம் கட் ஆகுது" என்பதன் ரகசியம் இதுதான்.

நான்காவது, மெஷினே. சின்னத் திரை உள்ள மாடல்களில் ட்ரேயில் என்ன தாள் என்று தனியாக ஒரு செட்டிங் இருக்கும். அதுவும் ஏ4 ஆக வேண்டும்.

வேர்டில் ஒரு காப்பு ஏற்பாடும் உண்டு. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய் 'பிரிண்ட்' பகுதிக்கு இறங்கினால், ஏ4-க்கும் லெட்டருக்கும் ஏற்ப அளவைத் தானே சரிசெய்யும் ஒரு டிக் இருக்கும். போட்டு வையுங்கள். வெளியூரிலிருந்து யாரோ லெட்டர் அளவில் அனுப்பும் ரெஸ்யூமே வாலறுந்து வராது.

## நாலாபுறமும் ஓரம் மட்டும் போகிறது

3 மி.மீ. கட்டம் இல்லை, 5 மி.மீ. கட்டம் அரைகுறை, 10 மி.மீ. கட்டம் முழுசு. இது கோளாறே இல்லை. லேசர் பிரிண்டர்கள் தாளின் விளிம்பில் 4, 5 மி.மீ. வரை டோனர் (மைத்தூள்) போடாது. போட்டால் விளிம்பைத் தாண்டிச் சிந்தி உள்ளே ஃபியூசர்வரை (தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டும் பகுதி) அழுக்காக்கிவிடும். இங்க்ஜெட்டில் பொதுவாக 3 மி.மீ. டெல்லியில் வாங்கினாலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினாலும் அந்த ஓரம் இருக்கத்தான் செய்யும்.

மாற்ற வேண்டியது அளவை. அடோபி ரீடரில் 'ஃபிட்' அல்லது 'ஷ்ரிங்க் ஓவர்சைஸ்டு பேஜஸ்'. குரோமில் பிடிஎஃப் திறந்து அடித்தால் 'ஸ்கேல்' பட்டியலில் 'ஃபிட் டு பிரிண்டபிள் ஏரியா'. இரண்டுமே பக்கத்தைச் சுமார் 96 சதவீதமாகச் சுருக்கி ஓரத்துக்கு உள்ளே கொண்டுவந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஃபிட்' வைக்காதீர்கள். 35 × 45 மி.மீ. பாஸ்போர்ட் போட்டோ 96 சதவீதத்தில் 33.6 × 43.2 ஆகிவிடும், கவுண்டரில் திருப்பி அனுப்பினால் அவர்களைச் சொல்லிப் பயனில்லை. வரைபடம், ஸ்டிக்கர் ஷீட், கொலுசு டிசைன் எதுவானாலும் அளவு முக்கியம் என்றால் 'ஆக்சுவல் சைஸ்'தான். ஓரம் வெட்டுப்பட்டால் டிசைனைத்தான் உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

இ-சேவையில் எடுக்கும் சான்றிதழ்களில் நேர்மாறு. அங்கே எழுத்து 4 சதவீதம் சுருங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை, கியூஆர் கோடு அறுபட்டால்தான் நஷ்டம். கியூஆரின் மூன்று மூலைகளிலும் இருக்கும் பெரிய சதுரங்களில் ஒன்று போனாலும் செல்போன் பெரும்பாலும் அதை அடையாளம் காணாது. கறுப்புக் கட்டங்கள் முழுசாக இருந்தும் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் இல்லாவிட்டால் தடுமாறும். கொடுப்பதற்கு முன் உங்கள் போனிலேயே ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். பத்து விநாடி வேலை.

வேர்டில் "மார்ஜின் பிரிண்ட் ஆகும் பகுதிக்கு வெளியே இருக்கிறது" என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கை வந்தால் 'இக்னோர்' அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்தப் பெட்டி சொல்வது இதையேதான்.

## வலப்பக்கம் மட்டும் ஓடிப்போகிறது

எக்செல் ஆள் இது. திரையில் ஒரே பக்கமாகத் தெரிந்த கணக்கு, அடித்தால் 'மொத்தம்' காலம் (நெடுவரிசை) மட்டும் இரண்டாம் தாளில் தனியாக வரும். 'பேஜ் லேஅவுட்'டில் 'ஸ்கேல் டு ஃபிட்' பகுதியில் 'வித்' என்பதை 1 பேஜ் ஆக்குங்கள், 'ஹைட்' ஆட்டோமேட்டிக்காகவே இருக்கட்டும். ஹைட்டையும் 1 ஆக்கினால் முந்நூறு வரிக் கணக்கும் ஒரே தாளில் எறும்பு எழுத்தாக வந்து நிற்கும். இரண்டாம் தாளிலும் வரவில்லை, அடியோடு காணோம் என்றால் யாரோ 'பிரிண்ட் ஏரியா' குறித்து வைத்திருக்கிறார்கள்; 'கிளியர் பிரிண்ட் ஏரியா' கொடுங்கள்.

வெப்சைட் பக்கம் வலப்பக்கம் வெட்டுப்பட்டால் குரோமில் ஸ்கேலை 'கஸ்டம்' ஆக்கி 80 வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் படுக்கைவாட்டில் அடியுங்கள். நீளமான அட்டவணைகளுக்குப் படுக்கைதான் சுலபம்.

## போனில் வந்த போட்டோவில் தலையோ காலோ இல்லை

வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் படத்தை விண்டோஸில் ரைட் கிளிக் செய்து அடித்தால் வரும் பெட்டியின் அடியில் 'ஃபிட் பிக்சர் டு ஃப்ரேம்' என்று ஒரு டிக் இருக்கும். பெயரைப் பார்த்தால் படத்தைத் தாளுக்குள் அடக்குவதுபோலத் தோன்றும். செய்வது எதிர்மாறு: தாள் நிரம்பும்வரை படத்தைப் பெரிதாக்கி, மிச்சத்தை வெட்டிவிடும். டிக்கை எடுத்துவிட்டால் படம் முழுதாக வரும், ஓரத்தில் வெள்ளை மிஞ்சும், அவ்வளவுதான்.

எவ்வளவு வெட்டும் என்று கணக்குப் போடலாம். போன் கேமரா படம் வழக்கமாக 4-க்கு 3. அதை ஏ4 உயரமான 297 மி.மீ.க்கு நிரப்பினால் அகலம் 223 மி.மீ. ஆகும்; தாள் 210 தான், ஆக இரண்டு பக்கமும் ஆறாறு மில்லிமீட்டர் போகும். ஸ்கிரீன்ஷாட் என்றால் ஒல்லியாக 20-க்கு 9 இருக்கும். அதை நிரப்பினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும்.

போட்டோ பேப்பரில் 'பார்டர்லெஸ்' வைத்தாலும் இதே கதை சின்ன அளவில் நடக்கும். விளிம்பில் வெள்ளை தெரியாமல் இருக்க டிரைவரே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழிய விடுகிறது. எப்சன் டிரைவரில் அதற்கு ஒரு நகர்த்தி இருக்கும், அதை 'மின்' பக்கம் தள்ளினால் இழப்பு குறையும்.

## பத்திரத்தில் கடைசி 6 செ.மீ. போச்சு

லீகல் தாள் 215.9 × 355.6 மி.மீ. ஏ4-ஐ விட 58.6 மி.மீ. நீளம். கிட்டத்தட்ட 6 செ.மீ. அடியில் வெறுமையாக நின்று, மிச்ச வரிகள் அடுத்த தாளுக்குத் தாவினால் எங்கோ ஓரிடத்தில் ஏ4 என்றே இருக்கிறது. மேலே சொன்ன நான்கு இடங்களையும் மறுபடி ஒரு சுற்று பாருங்கள். தலைகீழாக, லீகலில் டைப் செய்ததை ஏ4-இல் அடக்க வேண்டும் என்றால் 83 சதவீதம்.

முத்திரைத்தாள் விஷயத்தில் லீகல் என்று பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். கையில் இருக்கும் தாளை அளந்து, அந்த அளவையே உருவாக்கிக்கொள்வது நல்லது. 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' பக்கத்தில் ஏதாவது ஒரு பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் மேலே 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' வரும். அதில் 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' டிக் செய்து, அகலம் உயரம் கொடுத்து, 'பத்திரம்' என்று பெயர் வைத்துச் சேமியுங்கள். டிரைவர் அதை ஏற்றுக்கொண்டால் வேர்டு உட்பட எல்லா இடத்திலும் அந்தப் பெயரே பட்டியலில் வரும். முதல் பக்கத்தில் முத்திரைக்குக் கீழிருந்து எழுத்து ஆரம்பிக்கத் தேவையான மேல் மார்ஜினையும் ஸ்கேலால் அளந்துதான் வைக்க வேண்டும். முத்திரைத்தாளில் அடிப்பதற்கு முன் சாதாத் தாளில் ஒன்று அடித்து, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வீணானால் திரும்ப வாங்க வேண்டிய தாள் அது.

லேசரில் சிறிய மாடல்களில் லீகல் தாளின் வால் ட்ரேக்கு வெளியே தொங்கும். தொங்கும் பக்கம் கனத்து இழுத்தால் தாள் சறுக்கி அடி வெட்டுப்படும். பின்னால் ஒரு புத்தகத்தையாவது முட்டுக் கொடுங்கள்.

## ஜெராக்ஸ் எடுத்தால் மட்டும் வெட்டு

பிரிண்ட் சரி, காப்பி மட்டும் வெட்டு என்றால் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் காப்பியில் விழாது. ஆதார், ஸ்மார்ட் ரேஷன் கார்டு, பாஸ்புக் எதையும் மூலையில் ஒட்டி வைக்காமல் 1 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். முழு ஏ4 தாள் என்றால் தள்ள இடமில்லை; காப்பி அளவை 96 ஆக்குங்கள்.

சாதாரண ஆல்-இன்-ஒன் மெஷினின் கண்ணாடியே ஏ4 நீளம்தான். பழைய பத்திரத்தை அதில் வைத்தால் அடி 6 செ.மீ. கண்ணாடிக்கு வெளியே கிடக்கும், என்ன செட்டிங் மாற்றினாலும் வராது. மேலே தாள் இழுக்கும் ஃபீடர் இருந்தால் அதில் விடலாம். ஆனால் மடிப்பில் கிழிய ஆரம்பித்த பத்திரத்தை ஃபீடரில் விடவே விடாதீர்கள். இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து சேர்ப்பதே பாதுகாப்பு.

## ஒரு பக்கம் வெட்டு, எதிர்ப்பக்கம் வெள்ளை

கட்டங்கள் அளவில் சரியாக இருக்கின்றன, மொத்தமாக நகர்ந்து மட்டும் இருக்கின்றன. இது தாள் உட்கார்ந்திருக்கும் விதம். ட்ரேயின் இரண்டு வழிகாட்டிகளும் தாளைத் தொட வேண்டும், நெரிக்கக் கூடாது. இடைவெளி விட்டால் தாள் சாய்ந்து நுழையும். கட்டத்தின் மேல்கோடு ஒரு முனையில் விளிம்பிலிருந்து 10 மி.மீ., மறுமுனையில் 7 என்று கோணலாகும், ஒரு மூலை வெட்டுப்படும். சில இங்க் டேங்க் மாடல்களில் தாளை வலச்சுவரோடு ஒட்டி வைத்து இடப்பக்க வழிகாட்டியை மட்டும் நகர்த்த வேண்டும். நடுவில் வைத்தால் நகர்ந்துதான் அடிக்கும்.

மேலே வெள்ளை அதிகம், கீழே வெட்டு, அதுவும் தாளுக்குத் தாள் மாறுகிறது என்றால் ரோலர். தாள் தயாராக நிற்கிறது என்று மெஷின் எண்ணி எழுத ஆரம்பிக்கும் நேரத்தில் தாள் வழுக்கிப் பின்தங்கிவிடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். பளபளப்பு போய் ரப்பர் மங்கலாகி, விரல் வைத்தால் பிடிக்க வேண்டும். துடைத்தும் விரல் வழுக்கினால் ரோலரை மாற்ற வேண்டும். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. சில வாரம் ஓடும், அப்புறம் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து தாள் கோணலாக இழுக்க ஆரம்பிக்கும்.

இங்க்ஜெட்டில் அச்சு ஒரு குறிப்பிட்ட இடத்தோடு நின்று, ஹெட் 'டக்' என்று மோதினால், ஹெட்டுக்குப் பின்னால் இடவலமாக ஓடும் மெல்லிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பட்டையைப் பாருங்கள். அதில் உள்ள நுண்கோடுகளை எண்ணித்தான் ஹெட் தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. அங்கே ஒரு சொட்டு மையோ கிரீஸோ பட்டால் எண்ணிக்கை தவறும். பஞ்சு உதிராத துணியை வெறும் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். ஸ்பிரிட், தின்னர் வேண்டாம்; கோடுகளே அழிந்துவிடும்.

## பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது

எழுத்து மட்டும் உள்ள பக்கம் முழுதாக வருகிறது, படம் நிறைந்த பிடிஎஃப் மட்டும் பாதியோடு நின்று மீதி வெள்ளையாக வருகிறது. சிறிய லேசர்களுக்குத் தனியாக மூளை கிடையாது. பக்கத்தைத் தயார் செய்வது கம்ப்யூட்டர். ஆரம்பித்த பிறகு தாள் நிற்காது, டேட்டா தாமதமானால் மிச்சம் வெள்ளைதான்.

'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு' போய், கடைசிப் பக்கம் ஸ்பூல் ஆன (வரிசையில் சேமித்து முடித்த) பிறகே அடிக்க ஆரம்பி என்ற தேர்வை வையுங்கள். அடோபி ரீடரில் 'அட்வான்ஸ்டு' உள்ளே 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்தால் பிடிவாதம் பிடிக்கும் கோப்புகளும் இறங்கும். யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் கூடாது. ஹப் வழியாகப் போகாமல் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் இது நடக்கும்.

பழைய வேலை நடுவில் சிக்கியிருந்தால் சர்வீசஸ் போய் 'பிரிண்ட் ஸ்பூலர்' நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று இறங்கி அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி ஆன் செய்யுங்கள். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள்.

## மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைப் பட்டை

இது வெட்டு மாதிரி தெரியும், ஆனால் செட்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பட்டையின் ஓரம் மங்கலாக, உதிர்ந்த மாதிரி இருந்தால் டோனர் ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. கார்ட்ரிட்ஜை எடுத்து இடவலமாக ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டி வைத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும். பட்டையின் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல் கூர்மையாக இருந்தால் லேசர் வெளிச்சத்தை ஏதோ மறைக்கிறது: சிலந்தி வலை, கண்ணாடியில் தூசி, உள்ளே விழுந்த காகிதத் துணுக்கு.

எது என்று பிரிக்க ஒரு சோதனை. பக்கம் முக்கால்வாசி வெளியே வருவதற்குள், பாதியில் கதவைத் திறந்து மெஷினை நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து டிரம்மை (எழுத்து முதலில் பதியும் உருளை) பாருங்கள். டிரம்மில் எழுத்து முழுதாக இருந்து தாளில் மட்டும் பட்டை விட்டிருந்தால் அடியில் உள்ள டிரான்ஸ்ஃபர் ரோலரைச் சந்தேகியுங்கள். டிரம்மிலேயே இல்லை என்றால் வேறொரு நல்ல கார்ட்ரிட்ஜ் போட்டுப் பாருங்கள். ஊரில் அதிகம் ஓடும் 12ஏ வகை என்றால் பக்கத்துக் கடையிலேயே இரவல் கிடைக்கும். அதிலும் பட்டை வந்தால் லேசர் யூனிட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், அது மெக்கானிக் வேலை. சோதனை முடியும்வரை டிரம்மின்மேல் கறுப்புத் துணி போட்டு மூடி வையுங்கள், வெளிச்சம் அதைக் கெடுக்கும். உள்ளே ஃபியூசர் பகுதியில் கை வைக்காதீர்கள், சுட்டுவிடும்.

## எழுத்தின் கொம்பும் வாலும் மட்டும் வெட்டு

தமிழுக்கென்றே ஒரு வெட்டு உண்டு. பக்கம் முழுசு, ஆனால் கீ, றீ போன்ற எழுத்துகளில் மேல் சுழி மழுங்கியிருக்கும், கூ, ழூ போன்றவற்றில் வால் அறுந்திருக்கும். பிரிண்டரைத் திட்டாதீர்கள். வேர்டில் 'பாராகிராஃப்' போய் 'லைன் ஸ்பேசிங்' பாருங்கள். 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும். ஆங்கிலத்துக்கு வைத்த 12 பாயின்ட் இடைவெளிக்குள் தமிழ் எழுத்தின் உயரம் அடங்காது. 'அட் லீஸ்ட்' அல்லது 'சிங்கிள்' ஆக்கினால் சரியாகிவிடும். எக்செலில் வரியின் உயரத்தைக் கையால் குறைத்து வைத்திருந்தாலும் இதேதான். 'ஆட்டோஃபிட் ரோ ஹைட்' கொடுங்கள்.

## லாரி ஆபீஸ் டாட் மேட்ரிக்ஸும் கடை பில்லும்

80 காலம் டாட் மேட்ரிக்ஸில் 10 சிபிஐ (அங்குலத்துக்கு 10 எழுத்து) அளவில் ஒரு வரிக்கு 80 எழுத்துதான் பிடிக்கும், 12 சிபிஐயில் 96. பில் 96-க்கு வடிவமைத்து மெஷின் 10-இல் இருந்தால் வலப்பக்கம் 16 எழுத்து, அதாவது சரியாகத் தொகை உள்ள இடம், வெட்டுப்படும் அல்லது அடுத்த வரிக்கு மடியும். பில்லுக்குப் பில் ஒரு அங்குலம் நகர்ந்துகொண்டே போனால் பக்க நீளம் தப்பு: 11 அங்குலத்துக்கு 66 வரி, 12 அங்குலத்துக்கு 72 வரி. தொடர்தாளை அளந்து சாஃப்ட்வேரிலும் மெஷினிலும் ஒரே அளவு வையுங்கள்.

தெர்மல் பில்லில் 58 மி.மீ. ரோலுக்கு வழக்கமாக ஒரு வரியில் 32 எழுத்து, 80 மி.மீ. ரோலுக்கு 48. மாம்பழ சீசனில் அவசரத்துக்குச் சின்ன மெஷின் வாங்கிப் போட்டுவிட்டு, பில்லிங்கில் 80 என்றே விட்டுவிட்டால் விலை காலம் தாளில் இடமில்லாமல் போகும்.

## ஏற்காட்டில் மட்டும் வரும் வெட்டு

மேலே சொன்னது எல்லாம் சரி, ஐந்து தாளிலும் வெட்டு இடம் மாறுகிறது, ரோலரும் புதுசு. கடை ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கமோ எஸ்டேட் ஆபீஸிலோ இருந்தால் தாளைத் தொட்டுப் பாருங்கள். பனியும் மழையும் இருக்கும் மாதங்களில் பிரித்து வைத்த ரீம் ஒரே இரவில் ஈரம் குடித்துவிடும். ஓரம் அலை அலையாக நெளியும், முனை சுருளும், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகும். சுருண்ட முனை வழிகாட்டியில் முட்டிச் சாய்ந்து நுழைவதால் மேல் மூலை வெட்டுப்படும். சேலத்தில் நன்றாக ஓடிய அதே மெஷின், அதே 75 ஜிஎஸ்எம் தாள், மேலே போனதும் மக்கர் செய்வது இதனால்தான்.

குளிர்ந்த மெஷினை சர்வீசுக்குக் கீழே இறக்கினால், சேலத்து வெக்கையில் உள்ளே இருக்கும் லேசர் கண்ணாடி வியர்க்கும். வந்ததும் ஆன் செய்தால் பாதிப் பக்கம் மங்கலாக வரும், மெக்கானிக் லேசர் யூனிட் போச்சு என்பார். 2 மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஆடிக்கொண்டு வருவதால் லேசர் என்றால் கார்ட்ரிட்ஜைத் தனியாகக் கழற்றிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே டோனர் சிந்தி லேசர் கண்ணாடியில் படிந்தால் வெள்ளைப் பட்டை ஒன்று புதிதாகச் சேரும். இங்க் டேங்க் என்றால் சாய்க்காமல் மட்டமாகக் கொண்டுவர வேண்டும்.

தாளுக்கு: ட்ரேயில் அன்றைக்கு ஆகும் 50 தாள் மட்டும். மீதியை ரீமின் மெழுகுக் கவரோடே மடித்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், தரையில் இல்லாமல் அலமாரியில் வையுங்கள். ட்ரேயில் போடும் முன் தாள்கட்டை விசிறி மாதிரி விரித்துத் தட்டுங்கள். ஏற்கனவே சுருண்டுவிட்ட கட்டு என்றால் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சுருள் எதிர்ப்பக்கம் போய், பெரும்பாலும் அந்த 50 தாளும் மூலை போகாமல் ஓடிவிடும்.